பகை, வெறுப்பு, இளிவு: கிரேக்கச் சொற்பாகுபாடும் சுசீந்திரத் தெருக்களும்

ஆய்வுச்சுருக்கம்

சினம், பகை, வெறுப்பு ஆகியவற்றைக் குறிக்கப் பண்டைக் கிரேக்க மொழியில் பல சொற்கள் இருந்தன. அவற்றைத் தமிழோடு ஒப்பிடுவோர் பெரும்பாலும் 'பகை', 'வெறுப்பு' என்னும் இரு சொற்களுக்குள் அவையனைத்தையும் அடக்கிவிடுகின்றனர். தொல்காப்பியமும் திருக்குறளும் இதனினும் நுட்பமான பாகுபாட்டை உடையன. அப்பாகுபாடு ஆய்வு வழக்கிலிருந்து நழுவியதால் சாதி விலக்கு போன்ற வரலாற்று நிகழ்வுகள் பிழையாகப் பெயரிடப்படுகின்றன. 1926 ஆம் ஆண்டின் சுசீந்திரம் சத்தியாக்கிரகத்தைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பகை, இகல், செற்றம், வெறுப்பு, இளிவரல், எக்த்ரா, மீசொஸ், சுசீந்திரம்.

முன்னுரை

நாஞ்சில் நாட்டில் பழையாற்றங்கரையில் அமைந்த ஊர் சுசீந்திரம். அங்குள்ள தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை, 'அவர்ணர்' என ஒதுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவ்வுரிமையைக் கோரி 1926 இல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. வைக்கம் போராட்டம் (1924–1925) முடிந்த சில திங்களிலேயே எழுந்த இப்போராட்டத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். 1930 இல் போராட்டம் மீண்டும் எழுந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம், அரசின் ஆளுகைக்குட்பட்ட கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்தது.

இன்றைய ஆய்வெழுத்தில் இத்தகைய விலக்குகளைக் குறிக்கச் 'சாதிப்பகை', 'சாதி மோதல்', 'சாதி வெறுப்பு' ஆகிய தொடர்கள் வேறுபாடின்றி ஆளப்படுகின்றன. அத்தெருக்களில் நிலவியது பகைதானா? வெறுப்புதானா? அன்றி வேறு பெயருக்குரிய ஒன்றா? இவ்வினா சொல்லளவில் முடிவதன்று. பகை என்று பெயரிட்டால் இரு தரப்பினர் எதிரெதிர் நின்றனர் என்னும் பொருள் உடன் வந்துவிடுகிறது. வழி மறுத்தோரும் வழி மறுக்கப்பட்டோரும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றனர். இச்சொற்களின் எல்லையைத் தெளிந்துகொள்ளக் கிரேக்கம் ஓர் ஒப்பீட்டுக் கருவியாக உதவும்.

கிரேக்கச் சொற்களின் பாகுபாடு

ஓமரின் இலியத்து காப்பியத்தின் முதற்சொல்லே சினத்தைக் குறிக்கும் 'மேனிஸ்' என்பதாகும். அக்கிலீசின் சினத்துக்கும் தெய்வங்களின் சினத்துக்கும் உரியதாக அச்சொல் சிறப்பாக ஆளப்படுகிறது. அதே காப்பியத்தின் முதற்பகுதியில் கால்காசு என்னும் நிமித்திகன் வேறு இரு சொற்களைப் பிரித்துக் காட்டுகிறான். ஒன்று 'கோலொஸ்', பித்தத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது, மேலெழுந்து, அன்றே செரித்து அடங்கக்கூடிய சினம். மற்றொன்று 'கோட்டொஸ்', எண்ணியதை முடிக்கும் வரை நெஞ்சுக்குள் தங்கும் சினம். வேந்தன் முன்னதை விழுங்கினாலும் பின்னது அவனுள் எஞ்சியிருக்கும் என்பதே நிமித்திகனின் அச்சம். இங்குப் பாகுபாட்டுக்கு அடிப்படை காலம்.

இரண்டாம் பாகுபாடு உறவை அடிப்படையாகக் கொண்டது. தனக்கு வேண்டாதவனாகிய தனிப்பகைவன் 'எக்த்ரோஸ்'; போர்க்களத்தில் எதிர்நிற்பவன் 'பொலெமியோஸ்'. இவ்விரு சொற்களும் சிலபோது ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருமாயினும் அவற்றின் மையப்பொருள் வேறு. பிளாட்டோ தம் 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதியில் இதனை மேலும் கூர்மைப்படுத்துகிறார். அயலாரோடு நிகழும் பகை போர். தம்மவரோடு நிகழும் பகை 'ஸ்டாசிஸ்' எனப்படும் உட்பூசல். கிரேக்கர் தமக்குள் பூசலிடும்போது பின்னர் இணக்கமுறவேண்டியவர்கள் என்னும் நினைவோடு பொருதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதே இடத்தில், கிரேக்கர் அல்லாதாரைக் கிரேக்கருக்கு இயற்கையிலேயே பகைவர் என்று அவர் கூறுவதும் கருதத்தக்கது. இணக்கத்துக்கு உரியவர், உரியரல்லாதவர் என்னும் கோடு பிறப்பை ஒட்டி அங்கே இழுக்கப்படுகிறது.

மூன்றாம் பாகுபாடு அரிசுடாட்டிலுடையது. சொல்வன்மை பற்றிய நூலின் இரண்டாம் பகுதியில் சினத்தையும் வெறுப்பையும் அவர் வேறுபடுத்துகிறார். சினம் தனக்கு இழைக்கப்பட்ட தீங்கால் எழுவது. வெறுப்புக்குத் தனிப்பட்ட காரணம் வேண்டியதில்லை. சினம் குறிப்பிட்ட ஒருவன்மேல் செல்வது. வெறுப்பு ஓர் இனத்தின்மேலும் செல்லும். சினம் காலத்தால் ஆறும், வெறுப்பு ஆறாது. சினந்தவன் தன் எதிரி தான் பட்ட துன்பத்தைத் தானும் படவேண்டும் என விரும்புவான். வெறுப்பவனோ அவன் இல்லாதொழிய வேண்டும் என விரும்புவான். 'எக்த்ரா' என்னும் பகைச்சொல்லையும் 'மீசொஸ்' என்னும் வெறுப்புச் சொல்லின் வினைவடிவையும் அவர் ஒருங்கே ஆள்கிறார் எனினும், இனத்தின்மேல் செல்லுதல், ஆறாமை என்னும் இரு இயல்புகளைத் தனித்து அடையாளம் கண்டது அவர் பகுப்பின் வலிமை. இவற்றோடு, நடுக்கமும் அருவருப்பும் கலந்த வெறுப்பைக் குறிக்கும் 'ஸ்துகெய்ன்' என்னும் வினையும் கிரேக்கத்தில் உண்டு. கீழுலக ஆறாகிய 'ஸ்துக்ஸ்' என்பதன் பெயர் இவ்வினையோடு உறவுடையது.

தமிழ்ப் பாகுபாடு: காலமும் உறவும்

இம்மூன்று அடிப்படைகளுள் முதலிரண்டும் தமிழில் தெளிவாக உள்ளன. வெகுளி, சினம், முனிவு ஆகியவை எழுந்து அடங்குவன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. நான்கும் ஒருவனுக்கோ அவனைச் சார்ந்தோர்க்கோ இழைக்கப்பட்ட தீங்குகள். இது அரிசுடாட்டில் சினத்துக்குக் கூறும் இலக்கணத்தோடு ஒத்துச்செல்கிறது. செற்றமோ நெடுங்காலமாக உள்ளே கொண்ட சினம் என்பது உரைமரபு. கறுவு என்பதும் அத்தகையதே. உரியியல் கறுப்பு, சிவப்பு ஆகிய சொற்களுக்கு வெகுளிப்பொருள் கூறுவதையும் இங்கு இணைத்துக் காணலாம். கோலொஸ், கோட்டொஸ் என்னும் இணைக்கு வெகுளி, செற்றம் என்னும் இணை நேர்நிற்கும். கோட்டொஸைச் 'சினம்' என்றோ 'வெறுப்பு' என்றோ பெயர்த்தால் நிமித்திகனின் அச்சத்துக்கே இடமில்லாமல் போகும்.

உறவு பற்றிய பாகுபாட்டில் திருக்குறள் கிரேக்கத்தினும் விரிவானது. வெகுளாமை துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது. அது தனிமனித உள்ளத்தை ஆளுதல் பற்றியது. இகல், பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல், உட்பகை என்னும் நான்கு அதிகாரங்கள் பொருட்பாலில் தொடர்ந்து நிற்கின்றன. இருவர் தம்முள் மோதி வலிமை குன்றுவதற்குக் காரணமான மனமாறுபாடு இகல் என்பது பரிமேலழகர் கொள்கை. வள்ளுவர் அதனைக் கூடாமை என்னும் தீப்பண்பைப் பரப்பும் நோயாகக் காண்கிறார். அக்குறளில் கூடாமையைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'பகல்'. பகு என்னும் அடியிலிருந்து பகலும் பகையும் பகவும் கிளைத்தன எனக் கொண்டால், ஒன்றாக இருந்தது அல்லது ஒன்றாகக்கூடியது பிரிந்து நிற்பதே பகை என்னும் கருத்து வெளிப்படுகிறது.

உட்பகை அதிகாரம் இக்கருத்தை உவமைகளால் நிறுவுகிறது. செப்பும் மூடியும் பொருந்தியிருப்பதுபோல் தோன்றிக் கூடாதிருக்கும் குடியையும், எள்ளின் பிளவளவே ஆயினும் கேடு விளைக்கும் உட்பகையையும் வள்ளுவர் காட்டுகிறார். பிளாட்டோவின் ஸ்டாசிஸ் நகரத்தை நோக்கியது. வள்ளுவரின் உட்பகை குடியையும் சேர்த்து நோக்கியது. சோழர் குடியினராகிய நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, இருவர் சூடியதும் ஒரே ஆத்திக்கண்ணி என்பதைச் சுட்டி அப்போரை விலக்க முயன்ற கோவூர்கிழாரின் பாட்டும் புறநானூற்றில் இத்தன்மையது. அவர் யார்பக்கமும் நிற்கவில்லை. தோற்பது ஒரே குடி என்பதை உணர்த்துகிறார்.

பகைவர் என்போர் சேராதவர்

பகைவரைக் குறிக்கும் பழந்தமிழ்ப் பெயர்களை ஒருங்கு வைத்துக் காணும்போது மற்றோர் இயல்பு புலனாகிறது. ஒன்னார், நள்ளார், நண்ணார், துன்னார், மேவார், கேளார் ஆகிய யாவும் எதிர்மறைப் பெயர்கள். ஒன்றாதவர், நட்புக் கொள்ளாதவர், நெருங்காதவர், பொருந்தாதவர், உறவல்லாதவர் என்பன அவற்றின் பொருள். தெவ், மாற்றார், செறுநர் போன்ற நேர்ச்சொற்கள் இருப்பினும் எதிர்மறைப் பெயர்களின் மிகுதி கருதத்தக்கது. கூடுதல் என்பதை அடிப்படையாக வைத்து, அது நிகழாத நிலையாகப் பகைமை இங்குப் பெயர்பெறுகிறது. நெருங்காதவன் நாளை நெருங்கலாம். பகையை நட்பாக மாற்றிக்கொள்ளும் பண்புடையவனின் தகுதியில் உலகமே தங்கியுள்ளது எனப் பகைத்திறம் தெரிதல் அதிகாரம் கூறுவது இதனால்தான் இயல்கிறது.

இப்பெயர்களின் இலக்கணத்தில் வினைமுதல் பகைவனே. நெருங்காதிருப்பது அவன் செயல், அவன் தேர்வு. ஆகவே பகைவனுக்கு மதிப்பு உண்டு. அவன் பெருமையைப் பாடுவது அவனை வென்றவன் பெருமையைப் பாடுவதாகவும் அமைகிறது. தும்பைத்திணை வலிமையையே பொருளாகக் கொண்டு வந்தவனை எதிர்கொள்வதாக வகுக்கப்பட்டிருப்பதும் இரு தரப்பின் ஒப்புமையை ஏற்றே ஆகும்.

'வெறுப்பு' என்னும் சொல்லின் மாற்றம்

கிரேக்கத்தின் மூன்றாம் பாகுபாட்டுக்கு, அதாவது இனத்தின்மேல் செல்லும் ஆறா வெறுப்புக்கு, இன்று இயல்பாகத் தரப்படும் தமிழ்ச்சொல் 'வெறுப்பு'. வெறுப்புப் பேச்சு, வெறுப்புக் குற்றம், வெறுப்பு அரசியல் ஆகிய தொடர்கள் இதழ்களிலும் சட்டம் பற்றிய எழுத்துகளிலும் நிலைபெற்றுவிட்டன. ஆயின் பழந்தமிழில் இச்சொல்லின் வரலாறு வேறு. தொல்காப்பிய உரியியல் வெறுப்பு என்பதற்குச் செறிவு என்னும் பொருளையே தருகிறது. திருக்குறளில் வெறுக்கை என்பது செல்வம். ஊக்கமும் படையும் வெறுக்கையாகப் போற்றப்படுகின்றன. பண்புடைமை அதிகாரத்தில் வரும் 'வெறுத்தக்க' என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் செறியத்தக்க எனப் பொருள் கொள்கிறார். உடலுறுப்பால் ஒத்திருத்தல் மக்களொப்பு ஆகாது, பண்பால் ஒத்திருத்தலே ஒப்பு என்பது அக்குறளின் கருத்து. இன்றைய பொருளை ஏற்றி வாசிக்கும் மாணவருக்கு அக்குறள் தலைகீழாகிவிடும்.

மெய்ப்பாட்டியலில் வெகுளியின் நான்கு நிலைக்களன்களைத் தொகுக்குமிடத்திலும் வெறுப்பு என்னும் சொல் வருகிறது. அதனை மனக்கசப்பு எனக் கொள்வதா, உரியியல் வழிச் செறிவு எனக் கொள்வதா என்பது தனித்து ஆராயத்தக்க சிக்கல். செறிவு, மிகுதி, தெவிட்டல், கசப்பு எனப் பொருள் வளர்ந்திருத்தல் கூடும். மிகுதியால் வரும் தெவிட்டல் உண்டவனின் நிலை. தான் ஒருபோதும் நெருங்கிப் பழகாத மக்கள்கூட்டம் ஒன்றன்மேல் ஒருவன் கொள்ளும் மனநிலையை அச்சொல் இயல்பாகச் சுட்டுவதில்லை. இனத்தின்மேல் செல்லும் வெறுப்பு என்னும் கருத்து, மொழிபெயர்ப்பு வழியே இச்சொல்மேல் அண்மைக்காலத்தில் ஏற்றப்பட்ட சுமை.

அவ்வாறாயின் பழந்தமிழில் இக்கருத்துக்கு இடமே இல்லையா? உண்டு, அது பகைச்சொற்களின் வரிசையில் இல்லை. எண்வகை மெய்ப்பாடுகளுள் வெகுளிக்கு வேறாக இளிவரல் வைக்கப்பட்டுள்ளது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவை அதன் நிலைக்களன்கள். வெகுளியின் நான்கும் ஒருவன் செய்த செயல்கள். இளிவரலின் நான்கும் ஒருவன் இருக்கும் நிலைகள். செயலுக்கு எதிர்வினையாக எழுவது வெகுளி. நிலையைக் கண்டு எழுவது இளிவரல். இழிசினன், இழிபிறப்பாளன் என மக்களைச் சுட்டும் சொற்கள் புறநானூற்றில் இருப்பதும் இவ்வரிசையைச் சார்ந்ததே. அவற்றின் பொருள் பற்றிக் கருத்துவேறுபாடு உண்டு. எனினும் அவை ஒன்னார், நண்ணார் என்னும் வரிசையில் சேர்வன அல்ல என்பது தெளிவு. பகைவன் செய்வதால் பகைவன். இழிந்தவன் எனப்பட்டவனோ எதையும் செய்யவேண்டியதில்லை.

நாஞ்சில் நாட்டில் இரு சிக்கல்கள்

இவ்வேறுபாட்டை நாஞ்சில் நாட்டின் வரலாறு ஒரே காலத்தில் காட்டுகிறது. சுசீந்திரத்துக்கு அருகிலுள்ள தேரூரில் 1876 இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்', சொத்து மக்களுக்குச் செல்லாமல் உடன்பிறந்தாள் மக்களுக்குச் செல்லும் முறையால் குடும்பத்துள் எழுந்த கேட்டை ஒரு பெண்ணின் வாய்மொழியாகப் பாடியது. அங்கே நிகழ்வது திருக்குறள் கூறும் உட்பகை. மாமன், மருமகன், மனைவி, மக்கள் என அனைவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். செப்பின் புணர்ச்சிபோல் பொருந்தியும் பொருந்தாதும் நிற்கின்றனர். கொல்லம் ஆண்டு 1101 இல் இயற்றப்பட்ட நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அப்பகைக்குச் சட்டவழியில் தீர்வு கண்டது. உரிமை உடையோர் எனத் தம்முள் ஏற்றுக்கொண்டவர்களிடையே பங்கைத் திருத்தியமைத்தால் தணியக்கூடிய பகை அது.

அதே கொல்லம் ஆண்டில்தான் சுசீந்திரத் தெருக்களில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அங்கே எதிர்நின்றோரிடையே பங்கு பற்றிய வழக்கு இல்லை. வழி மறுக்கப்பட்டோர் எவருக்கும் தீங்கு இழைத்திருக்கவில்லை. ஆகவே வெகுளியின் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றும் அங்கே பொருந்தாது. அவர்கள் நண்ணார் அல்லர், நண்ண விரும்பியவர்கள். நெருங்காமை அவர்கள் செயலன்று. அவர்கள்மேல் சுமத்தப்பட்ட விதி. நெருங்காதவனைப் பகைவன் எனப் பெயரிட்ட மொழியில், நெருங்க வந்தவனைத் தடுத்து நிறுத்திய நிலைக்குப் பகை என்னும் சொல் எவ்வாறு பொருந்தும்?

'தீண்டாமை' என்னும் சொல்லும் இங்கு நோக்கத்தக்கது. இலக்கணப்படி தீண்டாதிருப்பவன் விலக்கியவனே. எனினும் வழக்கில் அச்சொல்லின் குறை தீண்டப்படாதவன்மேல் ஏறி நிற்கிறது. வினைமுதல் மறைந்து, செயல் ஓர் ஊரின் இயல்புபோல் தோன்றுகிறது. சுசீந்திரம் என்னும் ஊர்ப்பெயரை இந்திரன் சுசி, அதாவது தூய்மை, பெற்ற இடம் எனத் தலமரபு விளக்குகிறது. குற்றம் புரிந்து சாபம்பெற்றவன் தூய்மை அடைந்ததாகக் கருதப்படும் தலத்தைச் சூழ்ந்த தெருக்களில், குற்றமே புரியாதவர்கள் தூய்மையைக் கெடுப்போராகக் கருதப்பட்டனர். விலக்கின் மொழி பகைமையின் மொழியாக இல்லை. தூய்மையின் மொழியாக இருந்தது. விலக்கியவர்கள் தம்மைப் பகைவர் என எண்ணவேண்டிய தேவையும் இதனால் எழவில்லை. அரிசுடாட்டில் கூறிய இனத்தின்மேல் செல்லுதல், காலத்தால் ஆறாமை ஆகிய இரு இயல்புகளும் அங்கே இருந்தன; ஆயின் அவற்றுக்குரிய தமிழ்ப்பெயர் பகைச்சொற்களில் கிடைக்காது, இளிவுச் சொற்களில்தான் கிடைக்கும்.

தீர்வின் இயல்பும் இதற்கேற்ப வேறுபடுகிறது. பகைக்கு இணக்கம் தீர்வு. இரு தரப்பும் சற்றே இறங்கிவரலாம். இளிவால் விளைந்த விலக்குக்கு இணக்கம் தீர்வாகாது. வழி மறுக்கப்பட்டோர் இறங்கிவருவதற்கு ஏதுமில்லை. தடையை நீக்குதல் ஒன்றே தீர்வு. 1936 ஆம் ஆண்டின் பிரகடனம் இரு தரப்பினரிடையே செய்யப்பட்ட உடன்பாடாக அமையவில்லை. தடையை நீக்கும் ஆணையாகவே அமைந்தது.

எதிர்க்கருத்துகள்

சொற்பொருள் காலந்தோறும் மாறுவது; பழைய இலக்கணப் பொருளைக் கொண்டு இன்றைய வழக்கைத் திருத்தலாகாது என்பர். இது ஏற்கத்தக்கதே. மக்கள் வழக்கில் வெறுப்பு பெற்றுள்ள பொருளை மாற்ற எவராலும் இயலாது, மாற்றவேண்டுவதும் இல்லை. இங்குக் கோரப்படுவது ஆய்வாளரின் சொல்லாட்சியில் கவனம் மட்டுமே. மருத்துவன் காய்ச்சல் என்னும் பொதுச்சொல்லோடு நின்றுவிடாததுபோல, சமூக வரலாற்றை எழுதுவோரும் பகை என்னும் பொதுச்சொல்லோடு நின்றுவிடலாகாது.

ஒடுக்கப்பட்டோர் சினந்து எழுந்தபின் அது இருதரப்புப் பகை ஆகாதா என்னும் வினாவும் எழலாம். ஆகலாம். அவ்வெழுச்சி தொல்காப்பியம் கூறும் வெகுளிக்கு முற்றும் பொருந்தும்; அலைக்கப்பட்டோரின் வெகுளி அது. ஆயின் விளைவாக வந்த வெகுளியின் பெயரைக் காரணமாகிய விலக்குக்கு இடுதல் முறையன்று.

கிரேக்கத்தை அளவுகோலாகக் கொள்வது தகுமா என்பதும் கேட்கத்தக்கது. கிரேக்கச் சொற்களும் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகுவன. நுட்பமான சொற்பாகுபாடு கொண்டிருந்த அச்சமூகம் அடிமைமுறையையும் கொண்டிருந்தது. சொல்வளம் அறத்துக்கு உறுதி தராது. இவ்வெல்லையை உணர்ந்தே ஒப்பீடு செய்யப்படல் வேண்டும். கிரேக்கம் இங்கு வினாக்களைத் தருகிறது; விடைகளைத் தமிழ்ச்சான்றுகளிலிருந்தே பெறுதல் வேண்டும்.

முடிவுரை

பகைமைச் சொற்களை ஒப்பிடுவோர் சொல்லுக்குச் சொல் நிகரி தேடுவதைவிட மூன்று வினாக்களை எழுப்புதல் பயன்தரும். அவ்வுணர்வு எத்துணைக் காலம் நிற்பது? யார் யார்மேல் கொள்வது, இருவரும் ஒப்புடையோரா? மீண்டும் கூடுதற்கு அதில் இடமுண்டா? இவ்வினாக்களின்படி வெகுளி, செற்றம், இகல், பகை, உட்பகை, இளிவு ஆகியவை தத்தம் இடத்தில் நிற்கும். வெறுப்பு என்னும் சொல்லுக்குச் செறிவு முதல் இன்றைய பொருள் வரை வரலாற்று முறையில் அமைந்த அகராதிப் பதிவு தேவை. எந்தக் காலத்தில், எவ்வகை நூல்களில் பொருள் திரும்பியது என்பதை உரைநூல்கள், சமய இலக்கியம், அச்சுக்கால உரைநடை ஆகியவற்றைக் கொண்டு நிறுவுதல் வேண்டும்.

சாதி விலக்கைப் பற்றி எழுதுமிடத்துப் 'பகை', 'மோதல்' ஆகிய சொற்களைத் தவிர்த்து 'விலக்கு', 'இழிவுபடுத்தல்' ஆகிய வினைமுதல் தெரியும் சொற்களை ஆளுதல் பொருத்தமானது. சுசீந்திரத் தெருக்களில் 1926 இல் நடக்க முயன்றோர் எவருக்கும் பகைவராக வரவில்லை. அவர்களைப் பற்றி எழுதும் ஆய்வு, அவர்கள் கொண்டிராத பகையை அவர்கள்மேல் ஏற்றாதிருத்தல் வேண்டும்.